அலை இல்லாத கடல்: சென்னைக் கரையின் முதல் புகைப்படங்கள் பற்றி ஒரு சிந்தனை

எங்கள் வீட்டு பீரோவில் ஒரு பழைய போட்டோ இருக்கிறது. எனக்கு ஐந்து வயதில் திருமலையில் மொட்டை அடித்து, கீழே இறங்கி வந்த பிறகு திருப்பதியில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. சந்தனம் பூசிய மண்டையோடு நான் ஸ்டூல் மேல் நிற்கிறேன். இரண்டு பக்கமும் அப்பா, அம்மா. எங்களுக்குப் பின்னால் ஒரு பெரிய திரை. அதில் கடல், இரண்டு தென்னை மரம், ஒரு பாய்க்கப்பல், பாதி முழுகின சூரியன். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு "கதலகண்டி, கதலகண்டி" என்று திரும்பத் திரும்பச் சொன்னது இன்னமும் காதில் இருக்கிறது. ஆடாமல் அசையாமல் நில்லுங்க என்று அர்த்தம். நாங்கள் நின்றோம். பின்னால் இருந்த கடலும் நின்றது.

அம்மா நிஜக் கடலைப் பார்த்தது அதற்குப் பல வருஷம் கழித்து, மெரினாவில். சித்தூரில் பிறந்து திருப்பதியில் வாழ்க்கைப்பட்டவருக்கு அதுவரை கடல் என்றால் அந்தத் திரைதான். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "என்னடா இது, இவ்ளோ சத்தம் போடுது! படத்துல இருந்தது சும்மாதானே இருந்துச்சு?" என்றார். எல்லாரும் சிரித்தோம். இன்றைக்கு யோசித்தால், புகைப்படக் கலையைப் பற்றி அதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை என்றே தோன்றுகிறது. அந்த ஒரு வாக்கியத்தைத்தான் இந்தக் கட்டுரையில் விரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

மலைக்காரர்களுக்குக் கடல் எதற்கு?

நம்ம ஊர் மலர்ல கடலைப் பத்தி எதுக்குக் கட்டுரை என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. 1911-ல் உருவான சித்தூர் மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. ஆனால் தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு எல்லை சொல்லும்போது வடக்கே வேங்கட மலையையும் தெற்கே குமரியையும் சொல்கிறது. ஒரு முனையில் நம்ம மலை, மறு முனையில் கடல். இன்னொரு தொடர்பும் உண்டு. 1639-ல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் அனுமதி வாங்கித்தான் ஆங்கிலக் கம்பெனி சென்னையில் ஒரு துண்டுக் கடற்கரையைப் பெற்றது. அந்த நாயக்கருக்கு மேலே இருந்த விஜயநகர அரசர்களின் கடைசித் தலைமையிடங்களில் ஒன்று நம்ம சந்திரகிரி. கடலே இல்லாத ஊரின் அரசாட்சி, கடற்கரையைத் தூக்கிக் கொடுத்தது. அந்த மணல் துண்டைத்தான் இருநூறு வருஷம் கழித்துப் புகைப்படக்காரர்கள் வந்து படம் பிடித்தார்கள்.

துறைமுகம் இல்லாத பட்டணம்

அந்தப் படங்களைப் புரிந்துகொள்ள அன்றைய சென்னைக் கரை எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். பெரிய வியாபாரப் பட்டணம்தான், ஆனால் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். நடுவில் ஓயாமல் உடையும் அலைகள். ஆங்கிலேயர் கொண்டுவரும் சாதாரணப் படகு அந்த அலையில் சிக்கினால் நொறுங்கிப் போகும். அதனால் சாமான் ஆனாலும் சரி, கவர்னர் ஆனாலும் சரி, மசூலாப் படகில்தான் கரைக்கு வர வேண்டும். மசூலாவில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னைநார்க் கயிற்றால் சேர்த்துத் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது படகு வளைந்து கொடுக்கும், உடையாது. கூடவே கட்டுமரத்தில் ஆட்கள் வருவதும் உண்டு, யாராவது தண்ணீரில் விழுந்தால் தூக்குவதற்கு. கட்டுமரம் என்ற நம்ம சொல்லே ஆங்கிலத்துக்குப் போய் 'காட்டமரான்' ஆயிற்று.

கேமரா வருவதற்கு முன் இந்தக் காட்சியை ஓவியர்கள் வரைந்தார்கள். தாமஸ் டேனியல், அவர் அண்ணன் மகன் வில்லியம் டேனியல் ஆகிய இருவரும் வெளியிட்ட 'ஓரியண்டல் சீனரி' வரிசையில் 1797-ல் வந்த ஒரு படம் புனித ஜார்ஜ் கோட்டையைத் தென்கிழக்கிலிருந்து காட்டுகிறது. கோட்டை பின்னால் இருக்கிறது. முன்னால் அலையும், அதில் தத்தளிக்கிற படகும், துடுப்புப் போடும் ஆட்களும். ஓவியர் கொஞ்சம் மிகைப்படுத்தியும் இருக்கலாம். ஆனால் அந்தக் கரையின் முக்கியமான விஷயம் அலைதான், அதைக் கடக்கிற மனிதர்கள்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அறுபது வருஷம் கழித்து வந்த கேமரா இதைவிட உண்மையாக அல்லவா காட்டியிருக்க வேண்டும்? இங்கேதான் வேடிக்கை. அலை காணாமல் போயிற்று.

ஏன் காணோம்?

காரணம் முதலில் ரசாயனம். 1850-களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்த ஃபிரெட்ரிக் ஃபீபிக் காகித நெகட்டிவ் முறையில் படம் எடுத்தார். அந்த முறையில் ஒரு படத்துக்குப் பல விநாடிகள் முதல் சில நிமிஷங்கள் வரை லென்ஸ் திறந்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் எத்தனையோ அலை வந்து போய்விடும். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, கடைசியில் தாளில் மிஞ்சுவது ஒரு வெள்ளைப் பூச்சு. பனி மூட்டம் மாதிரி.

1851-ல் ஃபிரெட்ரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை கொஞ்சம் வேகமானது. ஆனால் கண்ணாடித் தட்டில் மருந்தைப் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள்ளேயே கழுவியாக வேண்டும். கடற்கரையிலேயே இருட்டுக் கூடாரம் போட வேண்டும். நம்ம வெயிலில், உப்புக் காற்றில், பறக்கிற மணலில் அந்த வேலையை நினைத்துப் பாருங்க.

இன்னொரு சிக்கல் நிறம். அந்தக் கால மருந்துகளுக்கு நீலம்தான் பளிச்சென்று தெரியும், சிவப்பும் பழுப்பும் சரியாகத் தெரியாது. அதனால் நீல வானம் வெறும் வெள்ளையாகிவிடும். நீலக் கடலும் வெளிறிப் போய், இரண்டுக்கும் நடுவே தொடுவானக் கோடே சில படங்களில் தேய்ந்துவிடும். அதே மருந்து பழுப்பு நிற மரத்தையும் பழுப்பு நிறத் தோலையும் உள்ளதைவிடக் கறுப்பாகக் காட்டும். கண், மூக்கு, முகபாவம் எல்லாம் ஒரே இருட்டாகிவிடும். நம்ம வீட்டுப் பழைய போட்டோக்களைப் பார்த்து, "தாத்தா இவ்ளோ கறுப்பா இருந்தாரா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்களே, அதற்குப் பதிலில் பாதி இங்கே இருக்கிறது. தாத்தா மேல் தப்பில்லை, மருந்து அப்படி.

முடிந்தவர்களும் உண்டு

அப்படியானால் அலையைப் பிடிக்கவே முடியாதா என்றால், முடிந்திருக்கிறது. வேல்ஸ் நாட்டில் ஜான் டில்வின் லெவலின் என்பவர் 1853-லேயே கரையில் உடையும் அலையைப் படமெடுத்தார். 1855 பாரிஸ் கண்காட்சியில் அசைவைக் காட்டும் அவருடைய படங்களுக்குப் பதக்கம் கிடைத்தது. பிரான்ஸில் கஸ்தாவ் லெ கிரே 1856, 1857-ல் எடுத்த கடல் படங்கள் உலகப் புகழ் பெற்றவை. சேத் என்ற துறைமுகத்தில் எடுத்த 'பெரிய அலை' என்ற படம் 1999-ல் லண்டன் ஏலத்தில் ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போயிற்று.

அந்தப் படத்தின் ரகசியம் என்ன தெரியுமா? அது ஒரு படமே இல்லை, இரண்டு. வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ். இரண்டையும் தொடுவானக் கோட்டில் ஒட்டி ஒரே படமாக அச்சிட்டிருக்கிறார். அந்த மேகமும் அந்த அலையும் ஒரே நேரத்தில் சந்தித்ததே கிடையாது.

நம்ம பக்கத்திலும் இதுபோல் செய்தவர் இருந்தார். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856 முதல் வேலை பார்த்த லின்னியஸ் டிரைப், மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை என்று சுற்றிப் படம் எடுத்தவர். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 நெகட்டிவ்களில் எடுத்து, ஒட்டி, நீளமான ஒரே படமாக்கினார். அவரும் வெறும் வெள்ளையாக வந்த வானத்தைப் பொறுக்காமல் நெகட்டிவ் மேலேயே வண்ணம் தடவி மேகங்களை உண்டாக்கினார். நாம் வியந்து பார்க்கிற சில தமிழ்நாட்டு மேகங்கள் தூரிகையால் வந்தவை!

ஃபீபிக்கின் படங்களும் அப்படித்தான். 1856-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரிடமிருந்து கல்கத்தா, சென்னை, இலங்கை முதலிய இடங்களின் படங்கள் சுமார் 500 வாங்கியது. இன்று அவை லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. கையால் வண்ணம் தீட்டிய படங்கள் அவை. மருந்து விட்டுவைத்த வெள்ளையில் நீலத்தைப் பூசியது தூரிகை. நம்ம ஸ்டுடியோத் திரைக்காரருக்கும் அவருக்கும் வித்தியாசம் அதிகம் இல்லை.

இதையெல்லாம் ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. சொல்ல வருவது வேறு. புகைப்படக்காரருக்கு ஒன்று முக்கியம் என்று பட்டால், மருந்து கைவிட்டாலும் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மேகம் முக்கியம் என்று பட்டது, மேகம் வந்தது.

ரசாயனம் சொல்லாத காரணம்

சென்னைக் கரையின் பழைய படங்களில் அடிக்கடி வருகிற ஒரு காட்சி உண்டு. மணலில் ஏற்றி வைத்த மசூலாப் படகு. அல்லது கரையில் கிடக்கும் கட்டுமரம். பக்கத்தில் வரிசையாக ஆட்கள், துடுப்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறார்கள். 'கதலகண்டி'தான். மவுண்ட் ரோட்டில் ஸ்டுடியோ வைத்திருந்த நிக்கலஸ் கம்பெனியும், பின்னால் 1882-ல் தொடங்கிய வீல் அண்ட் க்ளைன் கம்பெனியும் சென்னைக் காட்சிகளை விற்ற பெரிய நிறுவனங்கள்.

படமாகப் பார்த்தால் நேர்த்தியான வேலைதான். படகின் தையல், கயிற்றின் முறுக்கு, மணலின் சுவடு எல்லாம் ஊசிமுனைத் தெளிவு. ஆனால் படகு மணலில் இருக்கிறது. அது எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையைச் செய்யவில்லை. அலை இல்லாவிட்டால் அந்தத் தையலுக்கு என்ன அர்த்தம்? அந்த ஆட்களின் திறமைக்குத்தான் என்ன அர்த்தம்? பார்க்கிறவருக்கு அவர்கள் ஏதோ பழங்காலப் படகு வைத்திருக்கிற ஏழைகளாகத் தெரிகிறார்கள். ஆங்கிலேயர் கொண்டுவந்த படகு உடையும் இடத்தில் தன் படகை ஓட்டிக் காட்டிய தொழில் வல்லவர்களாகத் தெரியவில்லை. டேனியல் ஓவியத்தில் இருந்த மரியாதை இங்கே குறைந்துவிட்டது.

இதற்கு மருந்தின் வேகக்குறைவு காரணம், புகைப்படக்காரரைக் குறை சொல்லி என்ன பயன் என்று ஒருவர் கேட்கலாம். அலை விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படத்தின் கீழே எழுதும் தலைப்பைப் பாருங்க. 'மசூலாப் படகும் ஆட்களும்', 'கட்டுமரம், சென்னை'. அவ்வளவுதான். ஆட்களுக்குப் பெயர் இல்லை. பெயர் எழுத எந்த மருந்தும் வேண்டாம், கூடாரமும் வேண்டாம். ஒரு பென்சில் போதும். மேகத்துக்காக அத்தனை பாடுபட்ட தொழில், "உன் பேர் என்னப்பா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றைய இங்கிலாந்திலும் கூலிக்காரர் படத்துக்குப் பெயர் போடும் வழக்கம் அதிகம் இருந்ததில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர்களுக்கு வேறு ஆவணங்கள் இருந்தன. நம்ம படகுக்காரர்களுக்கு அந்த ஒரு படம்தான் மிச்சம்.

கேமராவுக்குப் பின்னால் நின்ற தமிழர்களின் கதையும் ஏறக்குறைய இதுவே. 1850-ல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியில் அந்தப் பத்தாண்டிலேயே புகைப்படம் கற்றுக்கொடுத்தார்கள். அங்கே தொடர்புடைய சி. ஐயாசாமி என்பவர் டிரைப்பிடம் உதவியாளராக வேலை பார்த்தார். அந்தப் பெயராவது நமக்குக் கிடைத்தது. தண்ணீர் சுமந்தவர், கூடாரம் கட்டியவர், கண்ணாடித் தட்டுப் பெட்டியைத் தூக்கி நடந்தவர் பெயரெல்லாம் எங்கே போயிற்று?

படம் அறியாமல் சொன்ன உண்மை

குறையை மட்டும் சொன்னால் விமர்சனம் ஆகாது. இந்தப் படங்களுக்கு எடுத்தவர்களே நினைக்காத ஒரு பெரிய மதிப்பு இருக்கிறது. கடல் எங்கே இருந்தது என்று அவை சாட்சி சொல்கின்றன.

இன்றைக்கு நாம் மெரினாவில் நடந்து நடந்து கால் வலித்த பிறகுதான் தண்ணீரைத் தொடுகிறோம். அந்த மணல் பரப்பு பழசு இல்லை. 1861-ல் ஓர் இரும்புப் பாலம் கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்டது. புயல்கள் அதைச் சேதப்படுத்தின. பிறகு 1870-களின் நடுவில் துறைமுகச் சுவர்கள் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பரில் வந்த புயல் அவற்றில் பெரும் பகுதியை அடித்துக்கொண்டு போயிற்று. மறுபடி கட்டினார்கள். நம்ம கரையில் அலைகள் வருஷத்தில் பெரும் பங்கு மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். சுவர் அதைத் தடுத்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து நின்று, ராயபுரம் பக்கத்திலிருந்து திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது. அந்தப் பக்கத்து மீனவக் குப்பங்கள் இழந்த நிலம்தான் நமக்குக் கிடைத்த மெரினாவின் விலை.

1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸ், அதாவது 1897-ல் விவேகானந்தர் தங்கிய கட்டடம், அலைக்குக் கிட்டத்தில் இருந்தது. இப்போது ரோட்டைத் தாண்டி, அகலமான மணலையும் தாண்டினால்தான் கடல். பழைய படங்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு நில அளவைப் பத்திரம்.

உங்க கையில் ஒரு பழைய சென்னைக் கடற்கரைப் படம் கிடைத்தால் காலத்தைக் கணிக்கச் சில அடையாளங்கள் சொல்கிறேன். தூண் போல் நிற்கும் கலங்கரை விளக்கம் தெரிந்தால் 1844-க்குப் பின். இரும்புப் பாலம் இருந்தால் 1861-ஐ ஒட்டியோ பின்னாலோ. துறைமுகச் சுவர் இருந்தால் 1870-களின் பிற்பகுதி அல்லது அதற்குப் பின். ஹைகோர்ட் கோபுரங்கள் முழுசாகத் தெரிந்தால் 1892-ஐ ஒட்டியோ பின்னாலோ. 1894-ல் விளக்கே அந்த ஹைகோர்ட் கோபுரத்துக்குப் போய்விட்டது.

அலை வந்தது, பேர் வரவில்லை

1880-களில் உலர்ந்த ஜெலட்டின் தட்டுகள் பரவின. 1888-ல் கோடாக் கேமரா வந்தது. விநாடியில் ஒரு சிறு பங்குக்குள் படம் எடுக்கலாம் என்று ஆனது. அலை ஒருவழியாகப் படத்துக்குள் வந்தது. கட்டுமரம் அலையில் ஏறும் காட்சிகள் தபால் அட்டைகளாக அச்சாகி, ஹிக்கின்பாதம்ஸ் போன்ற கடைகள் வழியாகச் சீமைக்குப் போயின. ஆனால் அட்டையின் கீழே எழுத்து மாறவில்லை. 'கட்டுமரம், சென்னை.' ரசாயனம்தான் தடை என்றால், தடை நீங்கிய பிறகாவது பெயர் வந்திருக்க வேண்டுமே?

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு அலையின் படத்தை நாம் எல்லாருமே வேண்டாத அளவுக்குப் பார்த்தோம். அம்மா டி.வி. முன்னால் உட்கார்ந்து, "இது சும்மா இருக்காதுன்னு அன்னைக்கே தெரிஞ்சுது" என்றார். அலைக்கு 'சுனாமி' என்று பெயர் கிடைத்துவிட்டது. திரையில் ஓடிய முகங்களில் எத்தனைக்குப் பெயர் போட்டார்கள்?

நம்ம மாவட்டத்துக் கடல்

2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது சூலூர்ப்பேட்டைப் பகுதி அதில் சேர்ந்தது. ஸ்ரீஹரிகோட்டாவும் பழவேற்காடு ஏரியின் வடபகுதியும் கூடவே வந்தன. சாமி மலையடிவாரத்துக்காரர்களுக்குத் திடீரென்று சொந்தக் கடல்! அந்தக் கரையின் படம் என்று பத்திரிகையில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இரண்டு: புகை கக்கி ஏறும் ராக்கெட், ஏரியில் நிற்கும் பூநாரை. இரண்டுமே அழகு, இரண்டிலும் நமக்குப் பெருமைதான். ஆனால் அந்த ஏரியில் வலை வீசுகிற தெலுங்குக் குடும்பமும் தமிழ்க் குடும்பமும் படத்தின் ஓரத்தில்கூட வருவது அபூர்வம். வந்தால் 'மீனவர்' என்று ஒரு சொல். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய தலைப்புக்கும் இதற்கும் எத்தனை தூரம்?

ஊரை விட்டு வெளியே வாழ்கிற நமக்கு இந்த விஷயம் இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. தாத்தா, பாட்டி எந்த ஊரிலிருந்து எந்த ரயிலில் வந்து இங்கே இறங்கினார்கள் என்பதற்குப் பல வீடுகளில் ஒரே சாட்சி ஒரு போட்டோதான். அதைத் திருப்பிப் பாருங்க. பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரை இருக்கும். பெயர் இருக்காது. தெரிந்தவர்கள் இருக்கும் வரை தேவைப்படாது. அவர்கள் போன பிறகு நம்ம பெரியவர்களும் அந்தப் படகுக்காரர்கள் மாதிரி, 'ஒரு குடும்பம், திருப்பதி' என்று ஆகிவிடுவார்கள்.

போன வாரம் எங்கள் போட்டோவை எடுத்து, பின்னால் மெல்லிய பென்சிலால் எழுதினேன். அப்பா பெயர், அம்மா பெயர், என் பெயர், வருஷம், ஊர். திரையை வரைந்தவர் யார் என்று எழுத இடம் விட்டிருக்கிறேன். ஸ்டுடியோ இருந்த தெருவில் வயசானவர்கள் யாருக்காவது தெரிந்திருக்கும், விசாரிக்க வேண்டும். நீங்களும் இந்த மலரை மூடி வைத்த கையோடு பீரோவைத் திறந்து ஒரு போட்டோவாவது எடுங்க. சொல்லக்கூடிய பெரியவர் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டு எழுதிடுங்க.